நான் துடைக்காத இடங்கள்

போன மாதம் ஜெர்மனியின் ஹம் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் என்னைப் பேசவிடாமல் உட்காரவைத்துவிட்டார்கள். வீட்டுக் காப்புறுதி பற்றி எங்கள் ஆட்களுக்கு விளக்கம் சொல்வதற்காக வைத்த கூட்டம். மேடையில் நின்ற தம்பி ஒரு காப்புறுதி முகவர். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, தடுமாறாமல் நன்றாகத்தான் பேசினார். "வீட்டிலை நெருப்போ தண்ணியோ ஏதும் நடந்தால் ஃபோனிலை நாலு படம் எடுத்து அனுப்பிவிடுங்கோ. மிச்சத்தைக் கொம்பனி பாத்துக்கொள்ளும். தனியா ஒரு மதிப்பீட்டாளரைப் பிடிக்கிறதெல்லாம் வீண் வேலை. கொம்பனியே தன்ரை செலவிலை ஆள் அனுப்பும்" என்றார். நான் எழும்பி, "தம்பி, அப்பிடி வாற ஆள் ஆரின்ரை ஆள்?" என்று கேட்டேன். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நான் அடுத்த வசனத்தைத் தொடங்குவதற்குள் நேரம் போய்விட்டது என்று சொல்லி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள்.

வாங்கட்டும். பேனா என்னிடம்தான் இருக்கிறது. அன்று சொல்ல வந்ததை இங்கே எழுதுகிறேன். இதில் நான் செய்த ஒரு பெரிய மடத்தனமும் வருகிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் நான் எழுதவே தேவையில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஜெர்மனிக்கு வந்து வுப்பர்டாலில் குடியேறினேன். முதலில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தேன். பிறகு, தீப்பிடித்த கட்டடங்களைச் சுத்தம் செய்யும் நிறுவனம் ஒன்றில் பத்து வருடம். கரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே என் கை படித்ததுதான். மரம் எரிந்த கரி தூளாக இருக்கும், தூரிகையால் தட்டினால் போய்விடும். எண்ணெய் எரிந்த கரி கையோடு ஒட்டும். பிளாஸ்டிக் எரிந்த கரி மூலைகளில் சிலந்திவலை போலத் தொங்கும். அதுதான் மோசமானது. பிளாஸ்டிக் புகையோடு ஒரு அமிலமும் சேர்ந்து போகும். சுவரில் தெரியாது, ஆனால் சில வாரங்களில் ஆணியும் கீலும் துருப்பிடிக்கத் தொடங்கும்.

அந்த நிறுவனத்தில் இருந்த கடைசி வருடம், எரிந்துபோன தச்சுக்கூடம் ஒன்றில் சுவர் கழுவிக்கொண்டிருந்தேன். மழைக்கோட்டுப் போட்ட ஒரு அம்மா கைவிளக்கோடு வந்து சன்னலோரச் சுவரையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை. புகை மூலைக் குழாய் வழியாக ஏறியிருக்கிறது" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் சொன்னேன். அவர் மூலைக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்போது என் முழங்கால் ஏணி ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கத் தொடங்கியிருந்தது. சந்தோஷமாகப் போனேன். பென்ஷன் எடுக்கும்வரை அவரிடம்தான் இருந்தேன்.

அவர் பெயர் திருமதி யான்சன். கட்டடப் பொறியியலாளர், சேத மதிப்பீட்டாளர். காப்புறுதி நிறுவனங்கள் கூப்பிட்டால் போகமாட்டார். வீடு எரிந்தவர், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தவர் கூப்பிட்டால்தான் போவார். அதற்காக அவர் அவர்களோடு சேர்ந்து அழுவார் என்று நினைக்கவேண்டாம். ஒரு வீட்டுக்குப் போனால் பத்து நிமிடம் முன்பே போய்ச் சேர்ந்து, காருக்குள் இருந்து ஒரு அப்பிளை விதையோடும் காம்போடும் முழுக்கத் தின்பார். குறித்த நிமிடத்தில் மணியை அடிப்பார். முதல் சுற்று கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி, ஒரு சொல் பேசாமல் வீடு முழுக்க நடப்பார். இரண்டாவது சுற்றுக்குத்தான் குறிப்புப் புத்தகம் வெளியே வரும். மூன்றாவது சுற்றில் திருப்புளியும் கமராவும். யார் வீட்டிலும் தேநீர் குடிக்கமாட்டார், தண்ணீர்கூட வாங்கமாட்டார். எங்கள் ஆட்களின் வீடுகளில் இதனால் எத்தனையோ மனவருத்தம், "அந்த அம்மாவுக்கு எங்கட வீட்டுக் கோப்பை அருவருப்போ?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அருவருப்பில்லை. மறுபக்கத்தில் இருந்து, காப்புறுதி நிறுவனத்துக்காக வருகிறவர் தேநீர்க் கோப்பையைக்கூடப் பக்கச்சார்புக்குச் சாட்சியாகப் பார்த்து வைத்துக்கொள்வார் என்று அவருக்குத் தெரியும்.

நான் எழுதும் குறிப்புகளை ஒரு பச்சைப் பென்சிலால் திருத்துவார். "பயங்கரமாகக் கருகிய கதவு" என்று எழுதினால் "பயங்கரமாக" வெட்டுப்படும். "பாவம், முழுவதும் நாசம்" என்று ஒருமுறை எழுதிவிட்டேன். அந்தப் பக்கம் முழுக்கப் பச்சையாகத் திரும்பி வந்தது. முதல் ஆறு மாதம் எனக்கு அவரைக் கண்டால் எரிச்சல். பிறகு புரிந்தது. அவர் அறிக்கையில் வெட்டுவதற்கு மறுபக்கத்துக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

இந்த நாட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது, தெரிந்த முகவர்கள் கூட்டத்தில் சொல்வதும் இல்லை. சேதம் எவ்வளவு என்பதில் காப்புறுதி நிறுவனத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், நீங்களும் ஒரு மதிப்பீட்டாளரை நியமிக்கலாம், அவர்களும் ஒருவரை நியமிப்பார்கள். இரண்டு பேரும் வேலையைத் தொடங்கும் முன்பே சேர்ந்து மூன்றாவது ஒருவரை நடுவராகத் தெரிவு செய்யவேண்டும். இரண்டு மதிப்பீட்டாளர்களும் முட்டிக்கொள்ளும் இடத்தில் நடுவர் சொல்வதுதான் முடிவு. இரு பக்கத்தையும் கட்டுப்படுத்தும். உங்கள் ஆளின் கூலியை நீங்கள்தான் கொடுக்கவேண்டும். அதைத்தான் அந்தத் தம்பி வீண் வேலை என்றார்.

சிவநேசனும் அவர் மனைவி பத்மினியும் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தார்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, நான் யான்சன் அம்மாவிடம் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சிவநேசன் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தார், பத்மினி முதியோர் இல்லத்தில். வுப்பர்டாலின் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒடுங்கிய பழைய வீடு ஒன்றை வங்கிக் கடனில் வாங்கியிருந்தார்கள். நிலத்துக்குக் கீழே கெல்லர் அறை, அதற்கு மேலே சமையலறையும் வரவேற்பறையும், அதற்கும் மேலே படுக்கையறை, கூரைக்குக் கீழே எட்டு வயது மகள் அபியின் அறை. கெல்லருக்குள் பெரிய ஃப்ரீசர் ஒன்று வைத்திருந்தார்கள். ஒருநாள் மத்தியானம், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், அதன் மோட்டார் எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கண்டு தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். அரை மணித்தியாலத்தில் அணைத்துவிட்டார்கள். ஃப்ரீசர், தரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பு, மின்கம்பிகள், ஒரு அலுமாரி, இவ்வளவும்தான் எரிந்தன. எல்லோரும் நல்ல காலம், கெல்லரோடு போயிற்று என்றார்கள்.

அன்று பின்னேரம் பத்மினி எனக்கு ஃபோன் எடுத்தாள். அழுகையோடு கதைத்தாள்.

"அக்கா, நாளையிண்டைக்குக் கொம்பனிக்காரர் பாக்க வருகினமாம். வீடு கிடக்கிற கிடையிலை அவையை எப்பிடி உள்ளை விடுறது? சுவரெல்லாம் கரி. என்ரை சீலை உடுப்பெல்லாம் மணக்குது. வெள்ளைக்காரர் என்ன நினைப்பினம்?"

"நீ அழாதை பிள்ளை. நான் வாறன்" என்றேன்.

இங்கேதான் என் மடத்தனம். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை ஒரு தூசியைக்கூடத் தட்டக்கூடாது என்பது எனக்குத் தெரியும். யான்சன் அம்மா வாடிக்கையாளர்களுக்கு ஃபோனில் முதலில் சொல்வதே அதுதான். அவருக்காக நானே நூறு முறையாவது சொல்லியிருப்பேன். அந்த அறிவெல்லாம் வேலைக்குப் போடும் ஜாக்கெட்டோடு சேர்ந்து கொழுவியில் தொங்கிக்கொண்டிருந்ததோ தெரியவில்லை. பத்மினியின் வாசலுக்குப் போனதும் நான் கண்டது சேதத்தை அல்ல, வெட்கத்தை. வெளியாட்கள் வருகிறார்கள், வீடு ஊத்தையாகக் கிடக்கிறது. எங்களில் எந்தப் பெண்ணால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஏலும்? கையை மடித்துவிட்டு வாளியைத் தூக்கினேன்.

நானும் பத்மினியும் இன்னும் மூன்று பெண்களும் இரண்டு நாள் வேலை செய்தோம். சோடாவும் வெந்நீரும். நான் பழகிய முறைப்படி மேலிருந்து கீழே, கூரையிலிருந்து தரைக்கு, ஒவ்வொரு அறையாக. சிவநேசனின் ஒன்றுவிட்ட சகோதரர் மாடிப்படிச் சுவருக்கும் கூடத்துக்கும் வெள்ளையடித்துத் தந்தார். திரைச்சீலைகள் தோய்த்துக் காய்ந்தன. மூன்றாம் நாள் காலையில் அந்த வீடு, கலியாண வீடு போலிருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நிறுவனத்தின் ஆள் வந்தார். பத்மினி தேநீரும் ரோல்ஸும் கொடுத்தாள். அவர் கெல்லரைப் பார்த்தார், மேலே ஒரு சுற்று வந்தார், "என் வீடுகூட இவ்வளவு சுத்தமில்லை" என்று சிரித்தார், எழுதிக்கொண்டு போனார். பத்மினி உடனே எனக்கு ஃபோன் எடுத்தாள். "அக்கா, அந்தாள் வீட்டை மெச்சிப்போட்டுப் போறார்!" இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. கெல்லரில் சேதம். மேல்மாடிகளில் சேதம் எதுவும் காணப்படவில்லை.

குளிர் தொடங்கி வீட்டில் சூடாக்கியைப் போட்டதும் மணம் எழும்பியது. எரிந்த பிளாஸ்டிக்கின் புளிப்பு மணம், அடித்தொண்டையில் போய் நிற்பது. கதவுக் கீல்களில் செம்மஞ்சள் தூள். அபிக்கு இருமல் பிடித்தது. முதலில் காலையில் மட்டும், பிறகு நாள் முழுக்க. வைத்தியர் பிள்ளையை அந்த அறையில் படுக்கவிடவேண்டாம் என்றார். கீழே வரவேற்பறையில் படுக்கவைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் இருமினாள். கடைசியில் ஹம்மில் இருந்த சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பள்ளிக்கூடமும் அங்கே மாறியது. பத்மினி ஞாயிறுகளில் ரயிலேறிப் போய்ப் பெற்ற பிள்ளையை விருந்தாளி போலப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டை விற்கவும் ஏலாது. அந்த மணத்தோடு யார் வாங்குவார்கள்? பிள்ளை எப்போது வீட்டுக்கு வரும் என்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே கேள்வி.

அவர்கள் திரும்பவும் எழுத, நிறுவனம் ஒரு பொறியியலாளரை அனுப்பியது. ரைமர் என்று பெயர். மரியாதையான மனிதர், சப்பாத்துக்கு மேல் உறை போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். அவர் எழுதிய அறிக்கையை சிவநேசன் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மேல்மாடிகளில் உள்ள மணமும் படிவும் தீயினால் வந்தவை என்று நிறுவ முடியாது. பல வருடங்களாக எண்ணெயில் பொரிப்பதாலும் சமய வழிபாட்டுக்குச் சாம்பிராணி, ஊதுபத்தி கொளுத்துவதாலும் வந்திருக்கலாம். கீழே சாட்சிக்கு ஒரு படம்: பத்மினியின் சாமித் தட்டு. பிள்ளையாருக்கு முன்னால் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்திருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஃப்ரீசர் எரிந்த வீட்டில் பிள்ளை இருமுவதற்குக் காரணம் நாங்கள் கும்பிடுவதாம். ஊத்தை எங்களிடமே இருந்ததாம், தீ வந்து கொஞ்சம் கூட்டியதாம். அந்தக் கோபத்துக்குக் கீழே இன்னொன்று கிடந்தது. அந்த மனிதர் அப்படி எழுதுவதற்கு இடம் வைத்துக்கொடுத்தது யார்? கரி இருந்த சுவரையெல்லாம் கழுவிவிட்டது யார்?

அடுத்த நாள் யான்சன் அம்மாவின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரிந்திருந்தது" என்றார்.

"தெரிந்திருந்தது."

"சரி. இந்த வேலையை நான் எடுக்கிறேன். ஆனால் நீங்கள் இதில் என் உதவியாளராக வரமுடியாது. சாட்சியாக வாருங்கள். நீங்கள் என்னிடம் வேலை செய்கிறவர் என்பதையும், கழுவியது நீங்கள் என்பதையும் மறுபக்கத்துக்கு இன்றே எழுதுகிறேன். சாட்சி திருப்புளியைத் தொடுவதில்லை, கேட்காமல் பேசுவதில்லை."

"மறுபக்கத்துக்குச் சொன்னால் அது எங்களுக்கு எதிராகப் போகுமே?"

"போகலாம், திருமதி இராசநாயகம். அவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்தால் நிச்சயமாகப் போகும்."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நடுவராக இரண்டு மதிப்பீட்டாளர்களும் சேர்ந்து தெரிந்தெடுத்தவர் வயதான ஒரு பொறியியலாளர், முன்பு தீயணைப்புத் துறையில் இருந்தவர். யான்சன் அம்மாவும் ரைமரும் பல விஷயங்களில் ஒத்துப்போனார்கள். மேல்மாடிகளில் மட்டும் முட்டிக்கொண்டார்கள். ஆகவே நடுவர் வீட்டைப் பார்க்க ஒரு சனிக்கிழமை காலை நாள் குறித்தார். சிவநேசன் வேலைக்கு லீவு போட்டிருந்தார். பத்மினி ஒரு கதிரையின் நுனியில் இருந்தாள். நான் சாட்சியாகச் சுவரோரம் நின்றேன்.

ரைமர்தான் தொடங்கினார். "வீடு முழுவதும் கழுவி, பாதிக்கு வெள்ளையும் அடித்திருக்கிறார்கள். நான் எதைப் பார்ப்பது? இல்லாததை அறிக்கையில் எழுத முடியாது."

நடுவர் யான்சன் அம்மாவின் கடிதத்தில் படித்திருப்பார். ஆனாலும் நேரில் கேட்டார். "யார் கழுவியது?"

பத்மினி எழும்பி "நான்" என்று சொல்ல வாயெடுத்தாள். என் குற்றத்தை அவள் ஏற்க விடமுடியாது.

"நான்தான்" என்றேன். "பத்து வருடம் தீப்பிடித்த வீடுகளைக் கழுவியவள். இந்த வீட்டையும் நான்தான் நின்று கழுவுவித்தேன். எது கழுவப்பட்டது என்று எனக்குத் தெரியும். எது கழுவப்படவில்லை என்றும் தெரியும். கேட்டால் சொல்கிறேன்."

நடுவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "கேட்கிறேன்" என்றார்.

மேல்மாடியிலிருந்து தொடங்கினேன். சுவிட்சுகளின் முகத்தை மட்டும் துடைத்தோம், ஒன்றையும் கழற்றவில்லை. ரோல்லாடன், அதாவது சன்னலை வெளியே மூடும் மறைப்புத் தட்டி, சுருண்டு ஏறும் பெட்டி சன்னலுக்கு மேலே இருக்கிறதே. அதன் வெளிப்பலகையைத் துடைத்தோம், உள்ளே கைவிடவில்லை. சுவரடிப் பலகைக்குப் பின்னால் துணி போகவில்லை. குளியலறைக் குழாய்கள் ஏறும் மரப்பெட்டியைத் திறக்கவில்லை. அபியின் அறைக் கூரைப் பலகைகளின் கீழ்ப்பக்கம் துடைத்தோம், மேல்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல யான்சன் அம்மா ஒன்றொன்றாக எழுதினார். பச்சைப் பென்சில் ஒரு இடத்திலும் வெட்டவில்லை.

முதலில் அபியின் அறை. நடுவர் சுவிட்சு மூடியைக் கழற்றினார். உள்ளே கரி வலை தொங்கியது. இரண்டு திருகாணியும் துரு. ரோல்லாடன் பெட்டியைத் திறந்தபோது பலகையோடு சேர்ந்து கறுப்புத் தூள் பிள்ளையின் கட்டிலில் கொட்டியது. பத்மினி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த பெட்டி அது.

ரைமர் குனிந்து நன்றாகப் பார்த்தார். "கறுப்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கறுப்பு என்பதுதான் கேள்வி. தினமும் புகை போடும் வீட்டில், பொரிக்கும் வீட்டில், இந்த இடங்கள் எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை."

நேர்மையாகச் சொன்னால் அது நியாயமான கேள்வி. எரிச்சலூட்டும் நியாயம். நடுவர் தலையாட்டினார். என் பக்கம் திரும்பி, "இதே பழக்கமுள்ள, ஆனால் தீப்பிடிக்காத வீடு ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரிந்த வீடுகள் இருபது இருந்தன. யாருக்குச் சொன்னாலும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? மூன்று ஜெர்மன்காரர் வருகிறார்கள் என்றால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சுவிட்சையும் கழற்றிக் கழுவி வைத்திருப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போக ஏலுமான வீடு ஒன்றுதான் இருந்தது.

"என்னுடைய வீடு" என்றேன். "பத்து நிமிட நடை. காலையில் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்."

ரைமர் உடனே மறுத்தார். "இவர் மறுபக்கத்தின் ஊழியர்."

"அப்படியென்றால் எந்தச் சுவிட்சு, எந்தப் பெட்டி என்று நீங்களே தெரிந்தெடுங்கள். நீங்களே கழற்றுங்கள். நான் வாசலில் நிற்கிறேன்."

நடுவர் கோட்டை எடுத்தார். "இப்போதே போவோம். யாருக்கும் ஃபோன் செய்யவேண்டாம்."

அந்தப் பத்து நிமிடம் நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். காலையில் அவசரத்தில் போட்டது போட்டபடி வந்திருந்தேன். முதல்நாள் மீன் பொரித்த சட்டி அடுப்பில். கழுவாத கோப்பைகள் தொட்டி நிறைய. உள்ளுடுப்புகள் கூடத்துக் கொடியில். சட்டைப் பையிலிருந்த ஃபோனை என் கை இரண்டு தரம் தொட்டுவிட்டு வந்தது. "கொஞ்சம் ஒதுக்கிவிடுங்கோ" என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. பத்மினி அன்று என்ன பாடு பட்டிருப்பாள் என்று அந்த நடையில்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

என் கணவர் சாரத்தோடு கதவைத் திறந்தார். பின்னால் நின்றவர்களைக் கண்டு திகைத்துப்போனார். "என்னப்பா, ஆர் இவை?"

"உள்ளை விடுங்கோ. ஒண்டையும் எடுக்காதேங்கோ, ஒண்டையும் மூடாதேங்கோ" என்றேன். அவர் கைக்கு எட்டிய துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார், பாவம்.

ரைமர் அடுப்புக்கு மேலே இருந்த சுவிட்சைத் தெரிந்தெடுத்தார். பிறகு சாமியறைச் சன்னலின் ரோல்லாடன் பெட்டியை. இரண்டையும் அவரே திறந்தார். சுவிட்சுக்குள் மஞ்சள் பிசுக்கு, அதில் ஒட்டிய தூசி. பெட்டிக்குள் சாம்பல்நிறத் தூசி, ஒரு செத்த ஈ. கரி வலை இல்லை. திருகாணிகள் கடையிலிருந்து வாங்கி வந்தவை போல மினுங்கின. நடுவர் பத்மினி வீட்டில் செய்ததுபோலவே ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, அமிலத்தைக் காட்டும் தாளை வைத்துப் பார்த்தார். அங்கே நிறம் மாறியது, இங்கே மாறவில்லை. ரைமர் இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

நடுவர் எழுதத் தொடங்கி, நிறுத்தி, கொஞ்சம் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். "உங்கள் சமையலறை எப்படி இருக்கிறது என்பதையும் அறிக்கையில் எழுதவேண்டியிருக்கும். படங்களும் வரும். இரண்டு பக்கத்துக்கும் பிரதி போகும்."

"எழுதுங்கள்" என்றேன். "சட்டியையும் சேர்த்து எடுங்கள். என் வீட்டு அழுக்கு எப்படி இருக்கும் என்று எல்லோரும் வடிவாகப் பார்க்கட்டும்."

போகும்போது யான்சன் அம்மா வாசலில் நின்று என் கணவருக்குக் கை கொடுத்து, இடைஞ்சலுக்கு மன்னிப்புக் கேட்டார். என் சமையலறைப் படங்கள் இன்றைக்கும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

முடிவு சில வாரங்களில் வந்தது. வீடு முழுவதும் தீப்புகையால் பாதிக்கப்பட்டிருக்கிறது. கூரைப் பலகைகள், குளிரைத் தடுக்க உள்ளே அடைத்திருக்கும் கண்ணாடிப் பஞ்சு, சுவிட்சுகள், மின்கம்பிகள், பெட்டிகள் எல்லாம் கழற்றப்பட்டுப் புதிதாகப் போடப்படவேண்டும். நாங்கள் வெள்ளையடித்த சுவர்களுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அது என் கணக்கில் சேர்ந்த குற்றம். ரைமர் எதிர்க்கவில்லை. ஊதுபத்தி வசனத்தை அவர் தன் அறிக்கையிலிருந்து தானாகவே எடுத்திருந்தார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் தானாக அந்த முடிவுக்கு வரவில்லை. எதிரே ஒரு ஆள் நின்றதால் வந்தார். யான்சன் அம்மா தன் பில்லை ஒரு சதம் குறைக்காமல் அனுப்பினார், சிவநேசன் பகுதி பகுதியாகக் கட்டி முடித்தார். வீண் வேலை என்று சொல்கிறவர்கள் அவரிடம் போய்க் கேட்கட்டும்.

அபி வீட்டுக்குத் திரும்புவதற்காகக் கூரையைப் பிரித்த அன்று நான் அங்கே நின்றேன். வேலையாட்கள் முகமூடி போட்டுக்கொண்டு அபியின் அறையில் முதல் பலகையை நெம்பி இழுத்தார்கள். மஞ்சளாக இருக்கவேண்டிய பஞ்சு கறுத்துப்போய்க் கொத்தாக விழுந்தது. அடுத்த பலகை, அதற்கும் அப்படியே. தூள் பறந்து மாடிப்படிவரை வந்து படிந்தது. இருமல் பிடித்து அறையை விட்டு இறக்கும்வரை அதற்குக் கீழேதான் அந்தப் பிள்ளை படுத்திருந்தாள்.

பத்மினி அழவில்லை. தன்னை அறியாமலே, கூட்டவென்று மூலையில் சாய்த்திருந்த தும்புத்தடியை எடுத்தாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடு பிள்ளை. அவை அள்ளட்டும். இது எங்கட ஊத்தை இல்லை."